காற்றைக் கேட்டுப் புறப்படுங்கள்!

பட்டம் விடுவது சிறுவர்களின் விளையாட்டு. ஆனால் இப்போது பெரியவர்களும் பட்டம் விடுகிறார்கள். பொட்டல் வெளியில் அல்ல, நடுக்கடலில்!

காலில் ஒரு பலகை. இடுப்பில் ஒரு வார். அந்த வாரிலிருந்து கிளம்பும் கயிறுகளின் நுனியில், வானத்தில் ஒரு பெரிய பட்டம். காற்று பட்டத்தை இழுக்கிறது. பட்டம் ஆளை இழுக்கிறது. ஆள் அலைமேல் பறக்கிறான்!

இதற்குக் “கைட் சர்ஃபிங்” என்று பெயர். தமிழில் “பட்டச் சவாரி” என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும்.

இது புத்தம் புதிய விளையாட்டு அல்ல. பிரான்ஸ் நாட்டில் லெகைனூ என்ற குடும்பப் பெயர் கொண்ட அண்ணன்-தம்பி இருவர், தண்ணீரில் விழுந்தாலும் மீண்டும் எழும்பும்படியான, காற்றடைத்த பட்டத்தைச் செய்தார்கள். அது 1984-ம் ஆண்டு. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் பட்டச் சவாரி முதன்முதலாகப் போட்டியாகச் சேர்க்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இதற்கு ஏற்ற கடல் ராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் இருக்கிறது. கற்றுக்கொடுக்கும் பள்ளிகளும் அங்கே உண்டு. பனிக்காலத்தில் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சிலர் சமையலறையும் படுக்கையும் உள்ள கேரவன் வண்டியிலேயே வந்து இறங்குகிறார்கள்.

சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின்போது ஓய்வெடுக்கும் வண்டியைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதே மாதிரி வண்டிதான். சக்கரம் வைத்த வீடு!

கடல் இல்லாத ஊரிலிருந்து

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ளது கொத்தமங்கலம். சுப்பு, சீனு என்ற இரண்டு கலைஞர்களின் பெயருக்கு முன்னால் நின்று, தமிழ்நாடு முழுவதும் அறிமுகமான ஊர். பெரிய வீடுகள் உண்டு. ஊருணி உண்டு. கடல் இல்லை.

அந்த ஊரில் ஒரு குடும்பம். பொங்கலுக்குச் சென்னையிலிருந்து பேரன் வந்திருக்கிறான். “அப்பத்தா, கேரவன் எடுத்துக்கொண்டு எல்லோரும் தெற்கே போகலாம். பத்து நாள் பட்டச் சவாரி!” என்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பத்தா என்ன சொல்வார்?

“ஏன்டா தம்பி, பட்டம் விட ராமேசுவரம் போகணுமா? நம்ம பொட்டல்ல விட்டா ஏறாதா?” என்றுதான் முதலில் கேட்பார். பிறகு, “சரி, என்றைக்குப் புறப்படணும்? எங்கே தங்கணும்? யார் யார் வர்றாங்க?” என்று கேட்பார்.

இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. அதற்குச் சரியான பதில் இல்லாவிட்டால் பயணம் உல்லாசமாக முடியாது. சமயத்தில் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

செட்டிநாட்டுக்குப் பயணத் திட்டம் புதிதல்ல. நீராவிக் கப்பல் வருவதற்கு முன் அந்த ஊர்க்காரர்கள் பாய்மரக் கப்பலில் கிழக்கு நாடுகளுக்குப் போனார்கள். தென்மேற்குக் காற்று போவதற்கு. வடகிழக்குக் காற்று திரும்புவதற்கு. காற்று இல்லாமல் கப்பல் இல்லை.

தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து போகும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கூடவே மாட்டு வண்டிகள் போகும். எந்த ஊரில் தங்குவது, எங்கே உலை வைப்பது என்பதெல்லாம் புறப்படுவதற்கு முன்பே முடிவாகியிருக்கும்.

மாட்டு வண்டிக்கு இருந்த அந்த ஒழுங்கு, மோட்டார் வண்டிக்கும் வேண்டும்.

மார்கழி லீவு ஏமாற்றும்

பட்டச் சவாரிக்கு என்றைக்குப் புறப்படுவது? பலரும் லீவைப் பார்த்து நாள் குறிக்கிறார்கள். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும், டிசம்பர் கடைசியில் கிளம்பிவிடுகிறார்கள். இது தவறு.

“ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்” என்பது பழமொழி. அது தென்மேற்குப் பருவத்தின் காற்று. பனிக்காலத்தில் வீசுவது வேறு காற்று. வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் வாடை. பட்டச் சவாரிக்கு வருகிறவர்கள் நம்பி வருவது இந்த வாடையைத்தான்.

ஆனால் அதே வடகிழக்குப் பருவம்தான் மழையையும் புயலையும் கொண்டு வருகிறது. டிசம்பரில் கடலை நம்ப முடியாது. அதற்கு ஆதாரம் ஊர் ஊராக இருக்கிறது.

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அடித்தது. ரெயிலையே கடல் கொண்டு போயிற்று. ஊர் அழிந்தது. இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

2017 நவம்பர் 30-ந் தேதி கன்னியாகுமரியை ஒக்கிப் புயல் தாக்கியது. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பேய் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! சாலைகள் அறுந்தன. ஊர்கள் தீவுகள் ஆயின.

அந்த நாட்களில் கடற்கரையில் ஒரு கேரவன் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகிறது.

“தை பிறந்தால் வழி பிறக்கும்” என்பார்கள். பட்டச் சவாரிக்கும் அதுதான் பொருத்தம். ஜனவரி நடுவில் பெரும்பாலும் பருவமழை ஓய்கிறது. மழை போனாலும் வாடை இருக்கும். மாட்டுப் பொங்கலுக்குப் பிறகு புறப்பட்டு, மாசிக்குள் திரும்பினால் நல்லது.

அப்போதும் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், அது ஒன்றாம் நம்பர் கூண்டாக இருந்தாலும் பட்டத்தைச் சுருட்டி வைத்துவிட வேண்டும். மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை வந்த நாளில், விளையாட வந்தவர்களுக்குக் கடலில் என்ன வேலை?

பெண் கடலும் ஆண் கடலும்

நாள் குறித்தாயிற்று. இனி இடம்.

கொத்தமங்கலத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம் வழியாக ராமேசுவரம் போகலாம். காரைக்குடியிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம்.

ராமேசுவரம் ஒரு தீவு. அதன் வடக்கே இருப்பது பாக் நீரிணைப்பைச் சேர்ந்த கடல். தெற்கே மன்னார் வளைகுடா. அங்குள்ளவர்கள் வடக்குக் கடலைப் “பெண் கடல்” என்பார்கள். தெற்குக் கடலை “ஆண் கடல்” என்பார்கள். பெண் கடல் சாது. ஆண் கடல் முரடு.

ஆனால் வாடை வீசும்போது கதை மாறுகிறது. வடக்குக் கரையில் காற்று நேராக வந்து மோதும். பெண் கடல் பொங்கும். தெற்குக் கரையில் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால், கரையோரம் அலை அடங்கி, தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும்.

புதிதாக வருகிறவர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்? “இந்தப் பக்கம்தான் அமைதியாக இருக்கிறது. இங்கேயே இறங்கலாம்” என்று நினைப்பார்.

அங்கேதான் ஆபத்து!

தெற்குக் கரையில் வாடை, ஆளைக் கடலுக்குள் தள்ளும். பட்டம் விழுந்துவிட்டாலோ, கயிறு அறுந்துவிட்டாலோ, கரைக்குத் திரும்ப வழி இல்லை. நேரம் ஆக ஆகக் கரை தூரமாகும். வடக்குக் கரையில் அலை அடித்தாலும், பெரும்பாலும் காற்று ஆளைக் கரைக்கே தள்ளும்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. கரையில் கடலைப் பார்த்து நிற்க வேண்டும். காற்று முதுகில் பட்டால் இறங்கக் கூடாது. பக்கவாட்டில் பட்டால் நல்லது. கடலிலிருந்து சற்றுச் சாய்வாக வந்தாலும் பரவாயில்லை.

நேராக முகத்தில் அடித்தாலும் ஜாக்கிரதை தேவை. கரையில் உள்ள மரத்திலோ, மின்கம்பியிலோ, படகிலோ ஆளைக் கொண்டுபோய் மோதிவிடும்.

படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இந்தச் சோதனை ஒன்றுதான். காற்று பொய் சொல்லாது.

காற்றுக்கும் அளவு உண்டு

காற்று மணிக்கு சுமார் 20 கிலோமீட்டருக்குக் குறைந்தால் பட்டம் ஆளை இழுக்காது. 45 கிலோமீட்டரைத் தாண்டினால் பழகியவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். காற்று குறைவாக இருந்தால் பெரிய பட்டம். கூடுதலாக இருந்தால் சின்னப் பட்டம். ஆளின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரெயில் பாலத்தில் காற்றை அளக்கும் கருவி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் சிவப்பு விளக்கு எரியும். ரெயில் நின்றுவிடும்.

பல நூறு டன் எடையுள்ள ரெயில் வண்டியே காற்றுக்கு மரியாதை கொடுத்தது. எழுபது கிலோ மனிதன் கொடுக்க வேண்டாமா?

புதிதாகக் கற்பவர்கள், “படம் பார்த்தேன், தெரிந்துகொண்டேன்” என்று இறங்கக் கூடாது. பட்டத்தின் கயிறு இருபது மீட்டருக்கு மேல் நீளம். வேகமாக இழுபடும்போது அது கத்தி மாதிரி அறுக்கும். ஆபத்து வந்தால் பட்டத்தைச் சட்டென்று கழற்றிவிடும் விசை இருக்கிறது. சவாரி செய்வதற்கு முன், அந்த விசையைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கப் பழக வேண்டும்.

கற்றுக்கொடுப்பவர் சான்றிதழ் பெற்றவரா என்று கேட்பதில் வெட்கம் தேவையில்லை. டிரைவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்பதில்லையா? அது போலத்தான்.

தனியாக ஒருவரும் கடலில் இறங்கக் கூடாது. கரையில் ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கையில் டெலிபோன் வேண்டும். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையை அழைக்க வேண்டிய எண் 1554. இதை வண்டியின் கதவிலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

சக்கரம் வைத்த வீடு

கேரவனை ஓட்டுவது கார் ஓட்டுவது போல அல்ல. வண்டி உயரம். செட்டிநாட்டுத் தெருக்களில் தாழ்ந்த மரக்கிளையும் மின்கம்பியும் உண்டு. வண்டியின் உயரத்தை எழுதி, டிரைவரின் கண்ணுக்கு முன்னால் ஒட்டி வைப்பது நல்லது.

பழைய வேனை வாங்கிக் கேரவனாக மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அனுமதி வாங்காமல் வண்டியின் அமைப்பை மாற்றுவது சட்டப்படி குற்றம். மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறக்கப்பட்டது. கடலுக்கு மேலே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். உயரமான வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். அங்கே மெதுவாகப் போக வேண்டும். வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கக் கூடாது.

தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனை வரை 2017-ல் சாலை திறக்கப்பட்டது. ஆனால் இருட்டிய பிறகு அங்கே தங்க முடியாது. நீரோட்டமும் கடுமை. ஆகவே இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதைப் பகலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. முதல் நாளுக்குக் கட்டுச்சோறு. பிறகு சீடையும் தேன்குழலும் டப்பாவில் இருக்கும். நல்ல தண்ணீர் மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ள வேண்டும். கடலோரக் கிராமங்களில் குடிதண்ணீர் அருமை. அவர்கள் குடத்தில் சுமப்பதை, வண்டி கழுவுவதற்குக் கேட்கக் கூடாது.

காற்று இல்லாத நாளும் வரும். அன்றைக்கு ராமேசுவரம் கோயிலுக்குப் போகலாம். கீழக்கரை, ஏர்வாடி வழியாகத் தூத்துக்குடிக்குப் போகலாம். திருச்செந்தூர் போகலாம். அப்பத்தாவுக்கும் பயணம் வந்த பலன் கிடைக்கும்! “காற்று வந்தால்தான் ஆயிற்று” என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கள்தான், வரக்கூடாத காற்றிலும் இறங்கி விபத்தில் சிக்குகிறார்கள்.

அது அவர்களுடைய களம்

இன்னொரு விஷயம். எல்லாவற்றையும்விடப் பெரியது அதுதான்.

கடற்கரை காலியாகக் கிடப்பது போலத் தோன்றும். அது காலி இடம் அல்ல. அங்கே கரைவலை இழுக்கிறார்கள். மீன் காய வைக்கிறார்கள். மன்னார் வளைகுடா ஓரத்தில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். தண்ணீருக்கு வெளியே அவர்கள் தலை மட்டுந்தான் தெரியும். வேகமாக வருகிற பலகை அவர்கள்மேல் மோதினால் என்ன ஆகும்?

நெல் காயும் களத்தில் யாராவது பந்து விளையாடப் போவார்களா? கடற்கரை மீனவரின் களம். அங்கே போகிறவர்கள் முதலில் ஊர்த் தலைவரைப் பார்த்து, “எந்த இடத்தில் வலை இருக்கிறது? எந்த நேரத்தில் இறங்கலாம்?” என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் இன்னொரு லாபமும் உண்டு. வாடை எப்போது திரும்பும், கொண்டல் எப்போது வரும் என்று அந்த மீனவர் வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். எந்தக் கருவியும் அவ்வளவு நன்றாக அந்தக் கரையை அறியாது.

பறவைகளுக்கும் அந்தக் கரையில் பங்கு இருக்கிறது. பனிக்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. 2025-ல் தமிழக அரசு அந்த இடத்தைப் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவித்தது. வானத்தில் பெரிய பட்டத்தைக் கண்டால் பறவைகள் பருந்து என்று பயந்து ஓடும். வெகுதூரம் பறந்து வந்து இரை தேடும் பறவையைத் துரத்துவது பாவம். அதற்குத் தொலைவில் விளையாடினால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. 1986-ல் ஏற்பட்ட பூங்கா இது. அனுமதி இல்லாமல் அந்தத் தீவுகளில் கால் வைக்கக் கூடாது. இலங்கையின் எல்லையும் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

கேரவனின் அழுக்குத் தண்ணீரையும் கழிவையும் மணலில் கொட்டுவது பெரிய கொடுமை. அந்த மணலில்தான் நாளைக்கு மீன் காயும். அந்த மணலில்தான் குழந்தைகள் விளையாடும்.

சர்க்கார் செய்ய வேண்டியது

வருகிறவர்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது.

2023-ல் தமிழக அரசு வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவுக்கும் சாகசச் சுற்றுலாவுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். அந்தக் கொள்கை காகிதத்திலிருந்து கடற்கரைக்கு வர வேண்டும்.

ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் கேரவன் நிறுத்த இடம் வேண்டும். அங்கே தண்ணீரும், கழிவை இறக்கும் தொட்டியும் இருக்க வேண்டும். பட்டச் சவாரிக்கு எந்தக் கரை, எந்த மாதம் என்று எல்லை குறித்துப் பலகை வைக்க வேண்டும். “இந்தக் கரையில் வாடை கடலுக்குள் தள்ளும்” என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் ஓர் உயிராவது பிழைக்கும்.

எல்லை குறிக்கும்போது மீனவர்களைக் கேட்காமல் குறிக்கக் கூடாது. மீட்புப் படகுக்கு அந்த ஊர் இளைஞர்களையே சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். கடலை அவர்களைவிட யார் அறிவார்? விளையாட வருகிறவர்களின் பணத்தில் ஒரு பங்கு அந்தக் குடிசைகளுக்கும் போகட்டும். அப்படிப் போனால் வருகிறவரை அந்த ஊர் விருந்தாளியாகப் பார்க்கும். போகாவிட்டால் தொல்லையாகத்தான் பார்க்கும்.

பிள்ளைகள் கடலுக்குப் போக ஆசைப்பட்டால் பெற்றோர் தடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைக்குத் துணிச்சல் வராது. ஆனால் துணிச்சலுக்கும் முரட்டுத்தனத்துக்கும் வித்தியாசம் உண்டு. காற்றை மதித்துப் போகிறவன் துணிச்சல்காரன். காற்றை மதியாமல் போகிறவன் முரடன்.

கப்பலேறிய முன்னோர், காற்று வரும்வரை துறைமுகத்தில் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அதனால்தான் போன ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சொந்த ஊருக்குத் திரும்பியும் வந்தார்கள். இன்றைக்குக் கேரவனில் புறப்படுகிறவர்களுக்கும் வேண்டியது அந்தப் பொறுமைதான்.

முதலில் காற்றைக் கேட்க வேண்டும். பிறகு கரையில் இருக்கிறவர்களைக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு பட்டத்தை விரிக்கலாம்!